போவிஸ் கோட்டையில் ஒரு சுவர் வேண்டும்

போவிஸ் கோட்டையைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். இந்த மடலின் ஆங்கில வடிவம் உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக வரும். தமிழில் எழுதிப் பொதுவில் வைப்பதற்குக் காரணம் உண்டு. நான் கேட்கப்போவது உங்களை எவ்வளவு தொடுகிறதோ அதே அளவுக்கு எங்கள் ஊர்க்காரர்களையும் தொடுகிறது. வேல்ஸ் நாட்டில், வெல்ஷ்பூல் என்ற சிறிய ஊருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோட்டை நிற்கிறது என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. அதற்கும் தூத்துக்குடிச் சீமைக்கும் உறவு உண்டு என்று சொன்னால் சிரிப்பார்கள்.

கேட்பதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். 1798 முதல் 1803 வரை சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவ், போவிஸ் கோட்டைக் குடும்பத்தின் மருமகன். 1804-ல் அவரே போவிஸ் பிரபு ஆனார். அவருடைய ஆட்சியில்தான் தென்தமிழ்நாட்டுப் பாளையக்காரர்களின் கோட்டைகள் தரைமட்டமாயின. அந்த ஐந்து வருடக் கதைக்கு உங்கள் கோட்டைக்குள் ஒரு சுவர் ஒதுக்குங்கள். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டும் சின்ன அட்டையில் அடங்குகிற கதை இல்லை இது. ஆள் நின்று படிக்கிற மாதிரி ஒரு முழுச் சுவர் வேண்டும்.

இனி, பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். அது நிறையவே இருக்கிறது.

வெல்ஷ்பூல் ரயில் நிலையத்தில் இறங்கிக் கடைத்தெரு வழியாக நடந்தால் பூங்கா வந்துவிடுகிறது. பழைய ஓக் மரங்கள், மேயும் மான்கள், ஏறிப் போகும் பாதை. மேட்டில் செந்நிறக் கல்லில் கோட்டை. இடைக்காலக் கோட்டை என்றதும் கூரையில்லாத சுவர்களையும் புல் முளைத்த கொத்தளங்களையும் எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இது ஆச்சரியம்தான். மேற்கு வாசலின் இருபுறமும் உருண்டையான இரட்டைக் கொத்தளங்கள் இன்னும் காவல் நிற்கின்றன. அவற்றைத் தாண்டி உள்ளே போனால் விரிப்பு, ஓவியம், நாற்காலி, கட்டில் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஏழு நூற்றாண்டுகளாக ஆள் குடியிருந்த வீடு என்பது உள்ளே நுழைந்ததுமே தெரிந்துவிடுகிறது. முற்றத்தில் மயில் உலாவுகிறது. குளிரில் சிலிர்த்துக்கொண்டு நிற்கும் அதைப் பார்த்து, ‘நீ எப்படி இங்கே வந்தாய்?’ என்று கேட்க எனக்கு வாய் வந்தது. அது என்னைத் திருப்பிக் கேட்டிருந்தால் என்ன சொல்வது என்று பேசாமல் வந்துவிட்டேன்.

தோட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோட்டைக்குக் கீழே பாறையைக் குடைந்து அடுக்கடுக்காக இறக்கியிருக்கிறார்கள். 1680-களில் தொடங்கிய வேலை. மேலடுக்கில் நிற்கும் யூ மரங்கள் ஒரு காலத்தில் கூம்பாக வெட்டி நிறுத்திய சிறு செடிகளாம். இன்று அவை மதில்மேல் வழிகிற பச்சைப் பாறைகள் மாதிரி இருக்கின்றன. கைப்பிடிச் சுவரில் ஈயத்தில் வார்த்த இடையர்களும் இடைச்சிகளும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட பழைய பாணித் தோட்டங்களை இங்கிலாந்துப் பிரபுக்கள் 18-ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் அழித்துவிட்டு, இயற்கை போலத் தோன்றும் புல்வெளிகளாக மாற்றிக்கொண்டார்கள். இது தப்பித்தது. கவனிக்க ஆளும் இல்லை, காசும் இல்லை என்பதால் தப்பித்தது. 1784-ல் இங்கே வந்த ஒரு பயணி, கைப்பிடிச் சுவர்கள் விழுந்து கிடக்கின்றன, பூப்பாத்திகளில் குதிரை மேய்கிறது என்று தன் நாட்குறிப்பில் நொந்து எழுதியிருக்கிறார். சில சமயம் மறதிகூட ஒரு பாதுகாப்புதான். அந்த 1784-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வர வேண்டியிருக்கிறது.

இந்தக் கோட்டை ஏன் பிழைத்தது என்பதுதான் என் மடலின் மையம். அதற்கு 13-ஆம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும்.

வேல்ஸில் பெயர்பெற்ற கோட்டைகளான கான்வி, கார்னார்வன், ஹார்லெக், போமாரிஸ் நான்கையும் கட்டியது இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட். வென்ற நாட்டை அடக்கி வைக்கக் கட்டியவை அவை. போவிஸ் அப்படியில்லை. இதன் தொடக்கம் தெற்கு போவிஸ் சீமையை ஆண்ட கிரிஃபித் அப் க்வென்வின்வின் என்ற வெல்ஷ் சிற்றரசர். அவருக்கு மேல் அதிகாரம் செலுத்தியவர் வேல்ஸ் இளவரசர் லுவெலின் அப் கிரிஃபித். இரண்டு பேருக்கும் ஆகாது. 1274-ல் லுவெலினைக் கொல்லச் சதி நடந்தது. அதில் லுவெலினின் சொந்தத் தம்பி டாவித்தும் கிரிஃபித்தும் கூட்டு. சதி வெளியானதும் கிரிஃபித் இங்கிலாந்துக்கு ஓடினார். லுவெலின் வந்து கோட்டையை இடித்தார். 1277-ல் எட்வர்ட் படையெடுத்து லுவெலினை ஒடுக்கியபோது கிரிஃபித்துக்குச் சீமை திரும்பக் கிடைத்தது, கோட்டையும் மறுபடி எழுந்தது. 1282 டிசம்பரில் லுவெலின் கொல்லப்பட்டு, தலை லண்டனுக்குப் போனது. கிரிஃபித்தின் வாரிசுகள் இங்கிலாந்து அரசரிடம் நிலம் பெற்ற பிரபுக்களாக, ‘டி லா போல்’ என்ற குடும்பப் பெயரோடு நிம்மதியாக இருந்தார்கள்.

எங்கள் பக்கத்து ஆள் எவனும் இதைப் படித்துவிட்டு ‘எட்டப்பன்’ என்று முணுமுணுக்காமல் இருக்க மாட்டான். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒரே சொல்லில் திட்டி முடித்துவிட மனம் வரவில்லை. கிரிஃபித்தின் வம்சமும் பழைய வம்சம். லுவெலின் அவர் நிலத்தில் கைவைத்தவர்தான். எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் இருந்த எல்லைத் தகராறும் கிழக்கிந்தியக் கம்பெனி வருவதற்கு முன்பே இருந்தது. நடுவில் புகுந்த பெரிய கை யாரைத் தூக்கியது, யாரை அழுத்தியது என்பதுதான் பிறகு கல்லிலும் மண்ணிலும் தெரிகிறது.

அது எப்படித் தெரிகிறது என்பதைப் பார்க்க வேறு எங்கும் போக வேண்டாம். உங்கள் கோட்டையிலிருந்து சில மைல் தொலைவில் டோல்வோர்வின் இருக்கிறது. 1273-ல் லுவெலின் கட்டத் தொடங்கிய கோட்டை அது. கட்டாதே என்று இங்கிலாந்து அரசரின் பெயரால் அவருக்கு ஓலை வந்தது. அப்போது எட்வர்ட் சிலுவைப் போருக்குப் போய் இன்னும் ஊர் திரும்பவில்லை. லுவெலின் எழுதிய பதில் இன்றும் இருக்கிறது. ‘இது உங்களுக்குத் தெரியாமல் வந்த கடிதம் என்பது எங்களுக்கு நிச்சயம். நீங்கள் நாட்டில் இருந்திருந்தால் இப்படி ஓர் உத்தரவு வெளியே வந்திருக்காது. எங்கள் நிலத்தில் கோட்டை கட்ட எங்களுக்கு உரிமை உண்டு’ என்பது அதன் சாரம். மரியாதைக்கு மரியாதை, குத்தலுக்குக் குத்தல். அதிகாரிகளுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால் நான் அந்த மனிதரைத்தான் நினைத்துக்கொள்கிறேன். 1277-ல் டோல்வோர்வின் முற்றுகைக்குள்ளாகி மார்ட்டிமர் என்ற இங்கிலாந்துப் பிரபுக் குடும்பத்தின் கைக்குப் போனது. 14-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பாழாகிவிட்டது. இன்று மலைமேல் இடுப்பளவுச் சுவர்களும் காற்றும்தான். போவிஸைப் பார்க்க வருகிறவர்கள் அங்கேயும் ஒருமுறை ஏறிவிட்டு வந்தால் பாதிக் கதை புரிந்துவிடும்.

அடுத்த 500 வருடங்களை வேகமாகக் கடந்துவிடுகிறேன். 1587-ல் எட்வர்ட் ஹெர்பர்ட் கோட்டையை வாங்கினார். நீண்ட மாடக்கூடத்தின் சுண்ணாம்பு வேலை 1590-களில் முடிந்தது. உள்நாட்டுப் போரில், 1644-ல், நாடாளுமன்றப் படை இதைப் பிடித்தது. அந்தப் போரில் எத்தனையோ கோட்டைகளுக்கு வெடிவைத்தார்கள், இது தப்பியது. மன்னராட்சி திரும்பியதும் குடும்பத்தின் கைக்கே வந்தது. 1688-ல் இரண்டாம் ஜேம்ஸ் நாட்டைவிட்டு ஓடியபோது போவிஸ் பிரபுவும் கூடவே போனார். அரசருக்கென்று அலங்கரித்த படுக்கையறை ஒன்று இருக்கிறது. கட்டிலுக்கு முன்னால் நாடக மேடைபோலக் கைப்பிடி வைத்துத் தடுத்திருக்கிறார்கள். பார்க்க வேடிக்கைதான், எனக்கு ஏனோ அதில் மனம் நிற்கவில்லை.

1784-க்கு வருகிறேன். தோட்டத்தில் குதிரை மேய்ந்த அதே வருடத்தில், கோட்டைக் குடும்பத்துப் பெண் ஹென்ரியட்டா ஹெர்பர்ட்டை ராபர்ட் கிளைவின் மூத்த மகன் எட்வர்ட் கிளைவ் மணந்தார். ஒரு பக்கம் பழைய பெயர், கூடவே கடன். மறுபக்கம் புதுப் பணம். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ராபர்ட் கிளைவ் 1744-ல் சென்னைக்குக் கம்பெனி எழுத்தராக வந்தவர். 1751-ல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து, முற்றுகையில் 50 நாள் தாக்குப்பிடித்துப் பெயர் எடுத்தவர். ஆற்காட்டில் இன்று அந்தக் கோட்டையின் மிச்சம் என்று சொல்லப் பாலாற்றங்கரையில் டெல்லி கேட் வாசல் நிற்கிறது, அவ்வளவுதான். பிறகு பிளாசி, பிறகு வங்காளம், பிறகு அந்தக் காலத்தில் இங்கிலாந்தே வாயைப் பிளந்த சொத்து. அவர் 1774-லேயே இறந்துவிட்டார். போவிஸில் அவர் குடியிருந்ததே இல்லை. அவர் சேர்த்த பணம்தான் குடிவந்தது. ஆகவே, நான் வியந்து பாராட்டிய அந்தப் பராமரிப்பில் ஒரு பங்கு எங்கள் ஊர்ப் பணம் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் கிளைவ் அருங்காட்சியகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன. வாள், கட்டாரி, கேடயம், ஹூக்கா, தந்தச் சிலை, பல்லக்கு. அதில் என்னை நகரவிடாமல் நிறுத்தியது திப்பு சுல்தானின் கூடாரம். வெள்ளைப் பருத்தித் துணியில் பூச்சாடி பூச்சாடியாக அச்சிட்ட சீட்டித் துணி. இருநூறு வருடத்துக்கு மேலாகியும் நிறம் மங்கவில்லை. சாயம் போட்ட கை யாருடையதோ, பெயர் தெரியாது. இதே கூடாரத்தைப் போவிஸில் தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாகக் கட்டியிருக்கிறார்கள். கொஞ்சம் தள்ளித் திப்புவின் சிம்மாசனத்தை அலங்கரித்த பொற்புலித் தலை ஒன்று, மாணிக்கமும் வைரமும் பதித்தது. 1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு, அந்தச் சிம்மாசனத்தைப் பங்கு போடுவதற்காக உடைத்தார்கள். உடைந்த துண்டுகளில் ஒன்றுதான் அது.

இந்தப் பொருள்களை எங்களிடம் கொடுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. திப்புவின் கூடாரத்துக்கு உரிமை கேட்க வேண்டியவர்கள் மைசூர்ச் சீமைக்காரர்கள். அவர்கள் கேட்டால் அவர்கள் பக்கம் நின்று கையெழுத்துப் போடுவேன், அது வேறு விஷயம். என் கவலை வேறொன்று. அந்த அறையில் வங்காளம் பேசுகிறது, மைசூர் பேசுகிறது, ஏனென்றால் அங்கிருந்து பொருள் வந்திருக்கிறது. எங்கள் பக்கத்திலிருந்து பாஞ்சாலங்குறிச்சியின் பெயர் சொல்லிக் காட்ட என்ன வரும்? மண்கோட்டையை இடித்தால் மண்தான் மிஞ்சும். அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க யாரும் கப்பலேற்ற மாட்டார்கள். பொருளை வைத்தே வரலாறு சொல்லும் இடத்தில், பொருள் விட்டுப்போகாதவர்கள் கதையிலிருந்தே விழுந்துவிடுகிறார்கள்.

அந்த ஐந்து வருடத்தில் என்ன நடந்தது என்று சுருக்கமாகச் சொல்கிறேன்.

எட்வர்ட் கிளைவ் 1798-ல் சென்னைக்கு வந்தார். 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் தலைமையில் கம்பெனிப் படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியது. அடுத்த மாதம் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். மற்றப் பாளையக்காரர்களைக் கூட்டி வைத்து, அவர்கள் கண்முன்னே. கோட்டை இடிக்கப்பட்டது. 1801 பிப்ரவரியில் அவருடைய தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். வந்த வேகத்தில் கோட்டையை மறுபடி எழுப்பினார்கள். ஆறே நாளில் எழுந்தது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். களிமண்ணும் வைக்கோலும் சேர்த்துக் குழைத்த மண்மதில் அது. பீரங்கிக் குண்டு பட்டால் கல் சிதறும், மண் விழுங்கிக்கொள்ளும். முதலில் வந்த படை முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. கர்னல் அக்னியூ பெரும்படையோடு வந்து மே 24-ல் பிடித்தார். இந்த முறை இடித்ததோடு விடவில்லை. உழுது ஆமணக்கு விதைத்தார்கள், ஊர்ப் பெயரையே கணக்கிலிருந்து எடுத்தார்கள் என்பது வழிவழியாக வரும் பேச்சு. அந்தச் சண்டைகளில் செத்த கம்பெனி அதிகாரிகளின் கல்லறைகள் மட்டும் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்தில் இன்றும் இருக்கின்றன.

காயத்தோடு தப்பிய ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குப் போனார். மருது சகோதரர்கள் அவருக்கு இடம் கொடுத்தார்கள். 1801 ஜூனில் சின்ன மருது ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஒரு பிரதி திருச்சிக் கோட்டையில் நவாப் அரண்மனைச் சுவரில் ஒட்டப்பட்டது, இன்னொன்று ஸ்ரீரங்கம் கோயில் மதிலில். பார்ப்பவர் எவராயினும் கவனமாகப் படிக்கும்படி சொல்லி, நாவலந்தீவில் வாழும் எல்லாச் சாதி மக்களையும் விளித்து, ஐரோப்பியரின் ஆட்சிக்கு எதிராக எழச் சொன்ன அறிவிப்பு. திறந்த மடல் என்று நான் இப்போது எழுதுவதற்கு முன்னோடி அதுதான். அவர் உயிரைப் பணயம் வைத்து ஒட்டினார், நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன்.

ஜூலை 31-ல் கர்நாடக (ஆற்காட்டு) நவாப் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டு நாட்டின் நிர்வாகத்தையே கம்பெனியிடம் ஒப்படைத்தார். எதிர்ப்பக்கம் இருந்தது கிளைவின் அரசு. அக்டோபர் 24-ல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பரில் ஊமைத்துரைக்குப் பாஞ்சாலங்குறிச்சியிலேயே மரண தண்டனை. பிறகு, 1802-ல், 73 பேரைப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். அதற்கு முன்பே, 1801 டிசம்பர் 1-ஆம் தேதி, கிளைவ் பிரபு தன் பெயரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். தென்சீமைப் பாளையக்காரர்களும் சேர்வைக்காரர்களும் குடிகளும் இனி ஆயுதம் வைத்துக்கொள்ளவோ எடுத்துப் பழகவோ கூடாது. கோட்டைகள் இனி இல்லை. அடங்கி நடப்பவர்கள் ஜமீன்தார்களாக வரி கட்டிக்கொண்டு சுகமாக இருக்கலாம்.

அதே காலத்தில் அவர் சென்னையில் ஒரு கட்டடமும் கட்டினார். பிளாசி, ஸ்ரீரங்கப்பட்டண வெற்றிகளைக் கொண்டாடுவதற்காக எழுப்பிய விருந்து மண்டபம் அது. 1802-ல் திறந்தார்கள். இன்று அதன் பெயர் ராஜாஜி மண்டபம். எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி ஆகியோரின் உடல்கள் மக்கள் அஞ்சலிக்கு வைக்கப்பட்ட அந்தப் படிக்கட்டு, தமிழ்நாட்டில் தொலைக்காட்சி பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். கட்டியவர் யார் என்று கேட்டால் பத்தில் ஒருவர்கூடச் சொல்வாரா என்பது சந்தேகம்.

இப்போது ஹென்ரியட்டா. இந்தக் கதையில் எனக்குப் பிடித்துப்போன ஆள் அவர்தான். 1800 மார்ச்சில் கணவரைச் சென்னையில் விட்டுவிட்டு, இரண்டு மகள்களையும் அவர்களுடைய ஆசிரியை அன்னா டொனெல்லியையும் கூட்டிக்கொண்டு தென்னிந்தியா முழுக்க ஆயிரம் மைலுக்கு மேல் சுற்றினார். ஸ்ரீரங்கப்பட்டணம் போனார், திருச்சி போனார், தஞ்சாவூர் போனார். செடி சேர்த்தார், கல் சேர்த்தார். இளைய மகள் சார்லட் நாட்குறிப்பு எழுதினாள். வளர்ந்தபின் விக்டோரியா அரசிக்குச் சிறுவயதில் ஆசிரியையாக இருந்தவள் அவள்தான். அந்தக் குடும்பம் திருச்சியைப் பார்த்துவிட்டுப் போன அடுத்த வருடம், அதே திருச்சியில் சின்ன மருதுவின் அறிவிப்பு சுவரில் ஏறியது. யானைகளும் பல்லக்குகளும் போன பாதை ஒரு வரைபடம், அக்னியூவின் படை போன பாதை இன்னொரு வரைபடம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். அதைவிட நல்ல பாடம் அந்த அறையில் வேறு இருக்காது.

ஆகவே நான் கேட்கும் சுவரில் இருக்க வேண்டியவை இவை. நடுவில் இரண்டு அறிவிப்புகள், பக்கத்தில் பக்கமாக: 1801 ஜூனில் மருது ஒட்டியது, 1801 டிசம்பரில் கிளைவ் வெளியிட்டது. இரண்டுக்கும் இடையில் ஆறு மாதம்தான். இரண்டும் ஒரே மக்களைப் பார்த்துப் பேசுகின்றன. விளக்கவுரையே வேண்டாம், படிக்கிறவன் புரிந்துகொள்வான். அதோடு அந்த இரண்டு வரைபடங்கள். ஒரு பக்கம் பாஞ்சாலங்குறிச்சி, மருது சகோதரர்களின் காளையார்கோவில் இவற்றின் இன்றைய படங்கள். இன்னொரு பக்கம், உங்கள் வேல்ஸ் மண்ணிலேயே விழுந்த டோல்வோர்வினின் படம் ஒன்று. இதை நான் வேண்டுமென்றே சேர்க்கச் சொல்கிறேன். வெல்ஷ்பூல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுற்றுலா வருகிறார்கள். அவர்கள் தாத்தாக்களின் கோட்டைக்கும் இதே கதி நேர்ந்தது என்று அறிந்தால், கட்டபொம்மன் அவர்களுக்கு வாயில் நுழையாத பெயராக இருக்க மாட்டார்.

அருங்காட்சியகப் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள் என்பது என் இரண்டாவது வேண்டுகோள். காசு கொடுத்து வாங்கியதா, பரிசாக வந்ததா, போர்க்கொள்ளைப் பங்கில் வந்ததா, ஏலத்தில் எடுத்ததா? எல்லாவற்றையும் ‘கொள்ளை’ என்று ஒரே கூடையில் போடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. ஹென்ரியட்டா கடையில் வாங்கிய துணியும் சிம்மாசனத்திலிருந்து உடைத்தெடுத்த புலித் தலையும் ஒன்றாகிவிடாது. ‘சேகரிப்பு’ என்ற ஒரே பெயரால் எல்லாவற்றையும் மூடுவதும் அதே தப்புதான், எதிர்ப்பக்கத்திலிருந்து.

2020-ல் நீங்கள் வெளியிட்ட அறிக்கை எனக்குத் தெரியும். உங்கள் பராமரிப்பில் உள்ள 93 இடங்களுக்குக் காலனியாட்சியோடும் அடிமை வணிகத்தோடும் உள்ள தொடர்பைப் பட்டியல் போட்டீர்கள், போவிஸும் அதில் இருந்தது. அதற்காக உங்களுக்குக் கிடைத்த திட்டும் தெரியும். பூச்செடி பார்த்து, தேநீரும் கேக்கும் சாப்பிட வருகிறவர்களிடம் எதற்குக் குற்றப்பத்திரிகை வாசிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். நான் கேட்பது குற்றப்பத்திரிகை இல்லை. கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கோட்டைகளைப் பற்றிய கதை சொல்லுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். 1274-ல் லுவெலின் போவிஸை இடித்த கதையைச் சொல்ல யாரும் தயங்குவதில்லையே.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிட்டால்தான் நியாயம். பாஞ்சாலங்குறிச்சியில் இன்று பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் கோட்டை 1974-ல் தமிழ்நாடு அரசு கட்டிய நினைவுக் கோட்டை. பழையதன் அடித்தளம் பக்கத்தில் வெயிலில் கிடக்கிறது, எட்டிப் பார்ப்பவர் குறைவு. யாரும் இடிக்காமல் முழுசாக நமக்குக் கிடைத்த செஞ்சியில், ராஜகிரி ஏறும் வழியெல்லாம் காதலர் பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். உங்களிடம் பராமரிப்பு கற்றுக்கொள்ள எங்களுக்கு நிறைய இருக்கிறது. ஈரம் ஏறும் கல்லை எப்படிக் காப்பது, பழைய துணியை எவ்வளவு வெளிச்சத்தில் வைப்பது, இதையெல்லாம் எங்கள் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். கைமாறாகக் கதையை நாங்கள் தருகிறோம்.

வேலைக்கு வேண்டிய காகிதம் எதையும் புதிதாகத் தேட வேண்டியதில்லை. கிளைவ் குடும்பக் கடிதங்கள் ஆபரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன, உங்களிடமிருந்து இரண்டு மணி நேரப் பயணம்கூட இல்லை. சென்னை அரசின் அந்தக் காலப் பதிவுகள் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இரண்டு இடத்துக்கும் போய் உட்கார, தமிழ் படிக்கத் தெரிந்த ஓர் ஆராய்ச்சி மாணவரை ஒரு வருடத்துக்கு அமர்த்துங்கள். சுவருக்கான வாசகத்தை வெல்ஷ், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் போடுங்கள். தமிழ் மொழிபெயர்ப்புக்குச் சம்பளம் வேண்டாம், நானே செய்து தருகிறேன். இந்த மடலின் நகல் தமிழ்நாடு தொல்லியல் துறைக்கும் போகிறது. பாஞ்சாலங்குறிச்சியில் போவிஸைப் பற்றி ஒரு பலகை வைக்க அவர்கள் முன்வந்தால், இரண்டு பலகையையும் ஒரே நாளில் திறக்கலாம். தேதியை நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மே 24 எனக்குச் சரி.

இப்படிக்கு,
ஓட்டப்பிடாரம் தாலுகாவில் பிறந்து, இங்கிலாந்தில் வசிக்கும் ஒரு பார்வையாளர்